காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்பக்கப் பள்ளி

ஆனையூரில் நாங்கள் வாங்கிய வீடு அடுக்குமாடியில் மூன்றாவது தளம். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கீழே காம்பவுண்டுச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. ஓடு வேய்ந்த கட்டடம் ஒன்று, காங்கிரீட் கட்டடம் ஒன்று, நடுவில் மண் தரை, ஓரத்தில் ஒரு வேப்பமரம். வீடு பார்க்க வந்த அன்று விற்பனைக்காரர் அந்த ஜன்னலைத் திறக்கவே இல்லை. எங்களை நேராகப் பால்கனிக்குக் கூட்டிப்போய், "நாகமலை தெரியுது பாருங்க மேடம், காத்து எப்படி வருதுன்னு பாருங்க" என்றார்.

மகள் அப்போது யு.கே.ஜி. ஊருக்கு வெளியே பெரிய வளாகம் உள்ள தனியார் பள்ளியில் சேர்த்திருந்தோம். காலை ஏழு மணிக்கு வேன் வந்துவிடும். எங்கள் வீட்டில் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அவளுக்கு வேன் ஒத்துக்கொள்ளாது. வாரத்தில் மூன்று நாளாவது வாந்தி எடுப்பாள். புத்தகப் பையின் முன் ஜிப்பில் நான் தினமும் இரண்டு பிளாஸ்டிக் கவர் மடித்து வைப்பேன். தண்ணீர் பாட்டில் மறந்தாலும் அதை மறக்க மாட்டேன்.

காய்ச்சலென்று அவள் வீட்டில் இருந்த ஒரு நாள், காலியான பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி அடுப்படி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பிள்ளைகள் கோகோ விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அந்தப் பிள்ளைங்க எப்ப வீட்டுக்குப் போவாங்க?"

"மணி அடிச்சா."

"வேன் எங்க நிக்கும்?"

"வேன் எல்லாம் கிடையாது. நடந்தே போயிருவாங்க."

வாளியிலிருந்து இறங்கினாள். பிறகு, "எனக்கும் நடக்கத் தெரியும்" என்றாள்.

அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. நான் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணவர் திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில் சூப்பர்வைசர். இருவரும் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள்தான். எங்கள் பிள்ளை மட்டும் ஏன் கவரோடு வேனில் போகவேண்டும் என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். "அடுத்த வருசம் பார்ப்போம்" என்றார். அடுத்த வருடமும் வந்தது.

அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். வாடிப்பட்டிக்கு மேற்கே அவருக்கு நஞ்சை உண்டு. எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் விவசாயம். வாய்க்கால் தண்ணீர், நெல் விலை எல்லாம் பேசி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னேன்.

"அங்க யாரு யாரு படிக்கிறாக?" என்றார்.

"பிள்ளைங்கதான்ப்பா படிக்குது."

"அது தெரியும். யாரு வீட்டுப் பிள்ளைக?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் இதுதான் கேள்வி, வாடகை வீட்டுக்கும் இதுதான். கண்மாய்க்கரைக் குடியிருப்புப் பிள்ளைகள் என்று சொன்னேன். அங்கே இருந்தவர்களின் பெற்றோர் காலத்தில் அவர்களுக்கென்று ஒரு செண்டு நிலம் கிடையாது. இப்போது நாங்கள் குடியிருக்கும் மனைகள் வயலாக இருந்தபோது அதில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் அவர்கள். அப்பா, "ஒம் பிள்ளை, ஒம் இஷ்டம்" என்று வைத்துவிட்டார். அவருக்கு இஷ்டமில்லை என்பது அதன் பொருள்.

பள்ளியில் சேர்க்கப் போனோம். தலைமை ஆசிரியை எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். "என்னைக்குங்க பிறந்த நாள்? சர்க்கரைப் பொங்கல்னா முதல் நாளே சமையலம்மாகிட்ட சொல்லிரணும்" என்றார். அடுக்குமாடியிலிருந்து அந்தப் பள்ளிக்குள் வந்தவர்கள் எல்லாம் அதுவரை பிள்ளையின் பிறந்த நாளுக்குச் சாப்பாடு போட வந்தவர்கள்தான். சேர்க்க வந்திருக்கிறோம் என்றதும் அவர் மறுபடி உட்கார்ந்தார். மாற்றுச் சான்றிதழை இரண்டு தடவை படித்தார். "நல்லா யோசிச்சீங்களா?" என்று எங்களைக் கேட்டார். பிறகு மகளைப் பார்த்து, "நீ யோசிச்சியா?" என்றார். மகள், "வாந்தி வராதுல்ல?" என்றாள்.

ஐந்து வகுப்புக்கும் சேர்த்து அப்போது நாற்பத்துச் சொச்சம் பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். பிள்ளைகள் இன்னும் குறைந்தால் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. அதனால் மகள் ஒருத்தி வந்ததற்கே அங்கே கொஞ்சம் கொண்டாட்டம்.

முதல் வாரமே ஒரு விஷயம் பிடிபட்டது. வீட்டில் இட்லி சாப்பிட்டுப் போகிறவள், அங்கே போய்க் காலை உணவுக்கும் தட்டைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். சமையலம்மா சொன்னார்: "ரெண்டாவது தடவையும் ரவா கிச்சடி கேட்டுச்சு, போட்டுட்டேன்." நான் வீட்டில் எத்தனை முறை செய்தும் தொடாத கிச்சடி. பிறகு காலையில் நான் வீட்டில் டிபன் செய்வதையே குறைத்துக்கொண்டேன். அலுவலகத்துக்குப் பதற்றமில்லாமல் போனேன்.

அவளுக்கு ஒரு தோழி கிடைத்தாள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள். பேச்சு முழுக்க அந்தத் தோழியைப் பற்றித்தான். ஒரு சாயங்காலம் பள்ளி வாசலில் அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கட்டட வேலைக்குப் போகிறவர். சேலைமேல் ஒரு ஆண் சட்டை போட்டிருந்தார், கைமுட்டில் சிமென்ட் காய்ந்திருந்தது.

"எந்த மாடி மேடம்?" என்றார்.

"மூணாவது."

"கிழக்கு ஓரமா, மேக்கு ஓரமா?"

"கிழக்கு."

"அந்தத் தளம் போட்ட அன்னைக்கு நான் இருந்தேன். பாதியில மழை பிடிச்சிருச்சு. தார்ப்பாயை ஆளுக்கொரு மூலையா பிடிச்சுக்கிட்டு நின்னோம். ஒழுகுதா?"

"இல்லக்கா."

"ஒழுகாது" என்றார். தன் வேலையைப் பற்றித் தெரிந்தவர் சொல்லும் தோரணை அது.

ஆறு மாதத்தில் மகள் ஒரு நாள்கூட வாந்தி எடுக்கவில்லை. தமிழ் சரளமாகப் படித்தாள். ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடினாள். லிஃப்டில் பார்க்கிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவர் தயங்கித் தயங்கி, "பள்ளிக்கூடத்துல பாத்ரூம் எப்படி?" என்றார். "போய்ப் பாருங்க" என்றேன். போய்ப் பார்த்தார். அடுத்த ஜூனில் எங்கள் கட்டடத்திலிருந்தும் பக்கத்துக் கட்டடத்திலிருந்தும் இரண்டாம் வகுப்புக்கு மட்டும் இருபது பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பள்ளி தப்பித்தது. கூடுதலாக ஓர் ஆசிரியை வந்தார்.

அத்தோடு எங்கள் குடியிருப்போர் சங்கமும் வந்தது. சங்கத்துச் செயலாளர் ஓய்வுபெற்ற பொறியாளர், சும்மா இருக்கத் தெரியாத மனிதர். சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார். குடிநீர் வடிகட்டி வாங்கிப் பொருத்தினார். வகுப்பறையில் பெரிய டிவி மாட்டினார். பெற்றோருக்கென்று வாட்ஸ்அப் குரூப் ஒன்று உண்டானது. இரவெல்லாம் அதில் யோசனைகள் வந்து விழும். யோகா வைக்கலாம், ஷூ கட்டாயமாக்கலாம், செஸ் சொல்லித்தரலாம். முதன்முதலில் பிள்ளையைச் சேர்த்தவள் என்பதால் எனக்கு அதில் ஒரு மரியாதை. எனக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்.

இரண்டாம் வகுப்பில் முப்பத்தைந்து பேர் ஆகிவிட்டார்கள், ஒரே அறையில் கொள்ளவில்லை. இரண்டு பிரிவாகப் பிரிக்கவேண்டும் என்று தலைமை ஆசிரியை சொன்னதும் குரூப்பில் ஒரு யோசனை வந்தது: ஒரு பிரிவை ஆங்கில வழியாக்கக் கேட்போம். எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். மனுவைத் தமிழில் நன்றாக எழுத யாரால் முடியும் என்று கேட்டபோது நான்தான் முன்வந்தேன். 'பெற்றோர்களாகிய நாங்கள் அனைவரும்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினேன். முதல் கையெழுத்தும் என்னுடையதுதான்.

மனு ஏற்கப்பட்டது. ஏ பிரிவு ஆங்கில வழி, பி பிரிவு தமிழ் வழி. டிவி ஏ பிரிவு அறையில் இருந்தது, ஏனென்றால் அங்கேதான் மாட்டியிருந்தார்கள்.

நாலாம் நாள் மகள் வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு அடுப்படி ஜன்னலடியில் உட்கார்ந்தாள். தோழி பி பிரிவுக்குப் போய்விட்டாள் என்பது எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைதானே, இரண்டு நாளில் சரியாகிவிடுவாள் என்று நினைத்திருந்தேன். தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, எங்க கிளாஸ்ல எல்லாரும் லிஃப்ட்ல வர்ற பிள்ளைங்க" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. மரத்தில் காக்கா உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். எனக்குத்தான் சிறு வயது ஞாபகம் வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஜன்னல் பக்கம் எங்கள் தெருப் பிள்ளைகளும் சுவர்ப் பக்கம் மற்ற தெருப் பிள்ளைகளும் உட்காருவோம். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. யாரும் மாறி உட்கார்ந்ததுமில்லை. எனக்கு எப்போதும் காற்று வரும். அதை நான் அதுவரை ஒருமுறைகூட யோசித்ததில்லை. இப்போது ஒரு பக்கத்துக்கு மனு எழுதி, நல்ல கையெழுத்தில், அதே வேலையை நானே செய்து முடித்திருந்தேன்.

மறுநாள் பர்மிஷன் போட்டுவிட்டுத் தலைமை ஆசிரியையிடம் போனேன். அவர் என் மனுவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நீங்க எழுதினதுதானே?"

"ஆமாங்க. ஆனா இப்படி ஆகும்னு நினைக்கல."

"'நாங்கள் அனைவரும்'னு இருக்கு. அந்தக் குடியிருப்புல யாரையாச்சும் கேட்டீங்களா?"

"குரூப்ல போட்டோம்."

"அவங்க அந்தக் குரூப்ல இருக்காங்களா?"

இல்லை. எண்கள் வாங்க யாருக்கும் தோன்றவில்லை. தலைமை ஆசிரியை மனுவை மடித்து உள்ளே வைத்தார். "நானும் கேட்டிருக்கணும். பிள்ளைங்க எண்ணிக்கை கூடுற சந்தோசத்துல விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் கண்மாய்க்கரைக்கு நடந்தேன். தோழியின் அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து வாசலில் குடத்துத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் முழுதும் கேட்டார்.

"சரி. எங்க பிள்ளைகளுக்கு இங்கிலீசு வேணாம்னு யாரு சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லலக்கா. கேட்கவே இல்ல."

"அம்புட்டுத்தான? இப்பக் கேளுங்க. அந்தப் பேப்பர்ல என்ன எழுதணும்னு சொல்லுங்க. வீடு வீடா நான் வாங்கியாரேன்."

அந்த நேரம் பார்த்துப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தேர்தல் வந்தது. பள்ளியில் என்ன செய்வது என்று முடிவெடுக்கிற குழு அது. பெற்றோர்களே தேர்ந்தெடுப்பார்கள். தலைவர் பதவி படிக்கிற பிள்ளையின் தாய்க்குத்தான். எங்கள் சங்கம் என்னை நிற்கச் சொன்னது. மனு விவகாரத்துக்கு முன்பே நான் சரி என்று சொல்லியிருந்தேன். இப்போது மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நின்றேன். எதிரே தோழியின் அம்மா, அந்த அக்கா நின்றார். என்னைப் பார்த்ததும், "நீங்களும் நிக்கிறீகளா? நல்லது" என்று சிரித்தார்.

சனிக்கிழமை காலை, வேப்பமரத்தடியில் கூட்டம். முதலில் நான் பேசினேன். கம்ப்யூட்டர் லேப், ஆண்டறிக்கை என்று குறித்து வைத்ததைப் பார்த்துச் சொன்னேன். கைதட்டினார்கள். அடுத்து அக்கா எழுந்தார்.

"எனக்கு இம்புட்டுப் பேச வராது. பாத்ரூமுக்குக் கதவு தாழ்ப்பாள் இல்ல. பொம்பளைப் பிள்ளைக ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய காவல் நிக்கிது. நாளைக்கே ஒரு தாழ்ப்பாள் வாங்கியாந்து நானே போட்டுருவேன். எனக்கு ஓட்டுப் போட்டாலும் போடுவேன், போடாட்டாலும் போடுவேன்."

சுவருக்குப் பெயின்ட் அடித்தோம், டிவி மாட்டினோம். தாழ்ப்பாள் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. என் மகளும் தினமும் தோழிக்குக் காவல் நின்றிருக்கிறாள்.

கை தூக்கச் சொன்னார்கள். அக்காவுக்குத் தூக்கிய கைகளை எண்ணும்போது கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். வகுப்பறை ஜன்னல் கம்பிக்குள் என் மகள் நின்றுகொண்டு கையை நன்றாக உயர்த்தியிருந்தாள். தலைமை ஆசிரியை அவளைப் பார்த்து, "உனக்கு இன்னும் வயசு ஆகல, கையை இறக்கு" என்றார். அவளை எண்ணாமலே அக்கா பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். நான் அவருக்கும் கை தூக்கவில்லை, எனக்கும் தூக்கவில்லை. மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். தோற்றதில் வருத்தம் இல்லை. அன்று மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினேன்.

தாழ்ப்பாள் திங்கள்கிழமையே வந்துவிட்டது. அடுத்து விண்ணப்பம். இரண்டாம் வகுப்பில் எந்தப் பெற்றோருக்கு எந்த வழி வேண்டும் என்று எல்லாருக்கும் தாள் கொடுத்துக் கேட்டார்கள். முப்பத்தைந்தில் முப்பத்துநாலு ஆங்கில வழி. ஒரே ஒரு தாள் தமிழ் வழி. அது எங்கள் கட்டடம் ஐந்தாம் தளத்தில் இருக்கும் மென்பொருள் பொறியாளருடையது. தாய்மொழிக் கல்வியைப் பற்றி குரூப்பில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர் அவர். ஒரு பிள்ளைக்காக ஒரு பிரிவு நடத்த முடியாதே என்று தலைமை ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். அக்காவே அவரிடம் பேசினார்.

"அண்ணே, டீச்சர் எந்தப் பாடத்தையும் தமிழ்ல சொல்லி, பெறகுதான் இங்கிலீசுல சொல்றாக. ஒங்க பிள்ளைக்கு மொதப் பாதி, எங்க பிள்ளைகளுக்கு ரெண்டாவது பாதி. சரிதான?"

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு பெயர்களைச் சீட்டில் எழுதிச் சத்துணவு அண்டாவில் போட்டுக் குலுக்கி இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். டிவி ஒரு நாள் இந்த அறைக்கு, மறுநாள் அந்த அறைக்கு என்று முடிவானது. சுவரில் மாட்டிய டிவியை நகர்த்த முடியாது என்பதால் டிவி நகராமல் பிள்ளைகள் அறை மாறினார்கள். சீட்டில் என் மகளும் தோழியும் மறுபடியும் வேறு வேறு பிரிவில் விழுந்தார்கள். மகள் ஒரு மணி நேரம் அழுதாள். மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க என் வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் அவளுக்கு இன்னும் மூன்று தோழிகள் வந்துவிட்டார்கள். மூவரும் நடந்து வருகிற பிள்ளைகள்.

எங்கள் கட்டடத்தில் நாலு குடும்பம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டது. "ஸ்டாண்டர்டு இல்ல" என்றார்கள். ஒரு பெண்மணி மட்டும் என்னிடம் வெளிப்படையாக, "பக்கத்துல உட்கார்ந்து ஒரே தட்டுல எடுத்துச் சாப்பிடுதுங்க" என்றார். "எங்க வீட்டுப் பிள்ளை மத்தவங்க தட்டுலதான் சாப்பிடுறா" என்றேன். அதற்குப் பிறகு அவர் லிஃப்டில் என்னைப் பார்த்தால் போனைப் பார்ப்பார். மற்ற பதினாறு பிள்ளைகளும் அங்கேயே படித்தார்கள்.

பெரிய கூத்து, கதவு விஷயத்தில்தான் நடந்தது. எங்கள் காம்பவுண்டுச் சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்தால் எங்கள் பிள்ளைகள் தெருவைச் சுற்றாமல் பள்ளிக்குள் இறங்கிவிடலாம். சங்கம் ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது, சாவி காவலாளியிடம் இருக்கும் என்று. பள்ளிக் குழுவும் சம்மதிக்க வேண்டும். அக்கா எங்கள் சங்கக் கூட்டத்துக்கே வந்துவிட்டார். அழைக்கக் காத்திருக்காமல் முன் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கதவு வைங்க. நல்ல விசயம். ஆனா எங்க பிள்ளைக கண்மாய்க்கரையில இருந்து மெயின் ரோட்டைச் சுத்தி வருதுக. லாரி போற ரோடு. ஒங்க கேட் வழியா வந்து இந்தக் கதவுல நுழைஞ்சா அஞ்சு நிமிசம். காலையில அரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம் தொறந்து விடுங்க."

அறையில் முணுமுணுப்பு. செயலாளர் தொண்டையைச் செருமினார். "தப்பா நினைக்காதீங்க. செக்யூரிட்டி பிரச்சினை இருக்கு. வெளியாள் உள்ள வந்து போறது…"

"சார், இந்தக் கட்டடத்துல எந்தப் பைப்பு எங்கிட்டுப் போகுதுன்னு எனக்குத் தெரியும். வரணும்னா கதவு எதுக்கு?"

செயலாளர் முன்னால் சாய்ந்தார். அந்தச் சமயத்தில் எங்கள் கட்டடத்தில் தரைத்தளம் ஓயாமல் கசிந்துகொண்டிருந்தது. தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியாமல் இரண்டு மாதமாக இரண்டு இடத்தில் தரையை உடைத்துப் பார்த்துவிட்டார்கள். கட்டியவர்கள் கொடுத்த வரைபடத்தில் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது.

"பைப்பு எங்கிட்டுப் போகுதுன்னு தெரியும்னா… வால்வு?" என்றார் செயலாளர்.

அக்கா எழுந்து வெளியே நடந்தார். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் செம்பருத்திச் செடி இருந்த இடத்தில் காலால் கோடு கிழித்தார். "இங்கதான். ஒரு முழம் தோண்டுங்க. மேஸ்திரி இடம் மாத்தி வச்சாரு. நான்தான் மண்ணு தள்ளி மூடினேன்."

தோண்டினார்கள். இருந்தது. செயலாளர் குனிந்து வால்வைத் திருகிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பேரப்பிள்ளையைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோசம். "அரை மணி நேரம் போதுமா? முக்கால் மணியா வச்சுக்குவோமே" என்றார். கதவு வந்தது. காலை எட்டே காலுக்குக் கண்மாய்க்கரைப் பிள்ளைகள் வரிசையாக எங்கள் கார்களுக்கு நடுவே போவார்கள். முதல் வாரம் பால்கனியில் நின்று ஆள் ஆளாகக் கண்காணித்தார்கள். இரண்டாம் வாரம் டாட்டா காட்டினார்கள்.

எல்லாமே நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்குப் பெயர் வந்ததும் பக்கத்தில் மனை விற்கிறவர்கள் நோட்டீசில் 'தரமான ஆங்கில வழி அரசுப் பள்ளி அருகில்' என்று போட்டார்கள். கண்மாய்க்கரையில் வாடகை ஏறியது. அக்கா குடியிருந்த வீட்டை உரிமையாளர் இடித்து மாடி கட்டப் போகிறேன் என்றார். அவர்கள் வாடிப்பட்டி ரோட்டில் நாலு ஸ்டாப் தள்ளிப் போக வேண்டியதாயிற்று. அந்த வாரம் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. பள்ளி நன்றாக வேண்டும் என்று அவரைவிட அதிகம் உழைத்தவர் யாருமில்லை. அதே பள்ளிதான் அவரை அங்கிருந்து நகர்த்தியது. சொன்னேன். "நகர்ந்தா என்ன, பஸ்ஸு இருக்குல்ல" என்றார். பிறகு, "கோவம் இல்லாம இல்ல தங்கச்சி. கோவத்துக்காகப் பிள்ளைய நிப்பாட்ட முடியுமா?" என்றார். இப்போதும் தாயும் மகளும் காலை பஸ்ஸில்தான் வருகிறார்கள். மகளை இறக்கிவிட்டு அவர் அப்படியே வேலைக்குப் போய்விடுவார். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது வசதி.

ஆண்டு விழாவுக்கு அப்பா வந்திருந்தார். பேத்தி ஆடுகிறாள் என்பதால் வராமல் இருக்க முடியவில்லை. வெள்ளை வேட்டி சட்டையில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மேடையில இருக்குறது யாரு? டீச்சரா?"

"இல்லப்பா. குழுத் தலைவர்."

"எந்த ஊராம்?"

எந்த ஊர் என்று ஆரம்பித்து எந்தத் தெரு என்று போய் எங்கே முடியும் என்பது எனக்குத் தெரியும்.

"ஆனையூர்" என்றேன்.

"ஆனையூர்ல எங்கிட்டு?"

"நம்ம வீட்டுத் தளத்தைப் போட்டவங்கப்பா. ஒழுகுதான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. விழா முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது இலை போட்டவர்களில் அக்காவும் ஒருவர். அப்பா இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, "கொஞ்சமா வையாத்தா" என்றார். அவர் முழுதாக மாறிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி இல்லை. ஊருக்குப் போய் யாரிடமும் இதைச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இந்த வருடச் சேர்க்கைக்கு மே மாதமே இறங்கிவிட்டோம். கண்மாய்க்கு வடக்கே புதிதாக இரண்டு அடுக்குமாடிகள் வந்திருக்கின்றன. அக்காவும் நானும் நோட்டீசோடு போனோம். ஒரு வீட்டில் இளம் தம்பதி, கையில் நாலு வயதுப் பிள்ளை. அந்தப் பெண் என்னைப் பார்த்தே எல்லாக் கேள்வியும் கேட்டாள். டீச்சர் எத்தனை பேர், ஆங்கிலம் எப்படி, பாத்ரூம் எப்படி. நான் ஒவ்வொரு கேள்விக்கும், "தலைவர் சொல்வாங்க" என்று அக்காவைக் காட்டினேன். நாலாவது கேள்வியிலிருந்து அவள் அக்காவைப் பார்த்துக் கேட்கப் பழகிவிட்டாள்.

கடைசியில் கணவன் தயங்கி, "அங்க எந்த மாதிரிப் பிள்ளைங்க படிக்கிறாங்க?" என்றான்.

அக்கா பிள்ளையின் கன்னத்தைத் தட்டியபடியே, "எல்லா மாதிரியும் இருக்கு. ஒங்க மாதிரிதான் கொஞ்சம் கொறையுது. கொண்டாந்து சேருங்க" என்றார்.

அவர்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். நோட்டீசை வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இரண்டு டம்ளர், ஒரே மாதிரி டம்ளர். அக்கா குடித்து முடித்து, "சரி, அடுத்த பிளாக்குக்கு வாரியா, வெயில் ஏறுது" என்று படியிறங்கினார். லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை. அடுத்த பிளாக்கில் ஏறி இறங்க இன்னும் மூன்று மாடி பாக்கி இருந்தது.